எந்த ஸ்லாட் செலக்ட் ஆகியிருக்கு?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான்: "ப்ரோ, ஃப்ளட்டர்ல சாய்ஸ் சிப்போட கலரை எப்படி மாத்துறது?" ஒரே வரியில பதில் சொல்லிடலாம். செலக்டட்கலர்னு ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கு, அதுல உங்க கலரைக் குடுங்க. எபிசோட் முடிஞ்சது, நன்றி, வணக்கம். (சிரிப்பு)

ஆனா அந்த ஒரு வரியை வெச்சு ஒரு டீம் ரெண்டு மாசம் மல்லுக்கட்டினதை நான் பக்கத்து சீட்ல உக்காந்து பாத்திருக்கேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம். கோட் எழுதாதவங்களும் கேக்கலாம், ஏன்னா நீங்க தினமும் தொடுற விஷயம் இது.

முதல்ல எதைப் பத்திப் பேசுறோம்னு சொல்லிடுறேன். ஆப்ல ஒண்ணைத் தொட்டா அது "நீ என்னைத் தேர்ந்தெடுத்திருக்க" அப்படினு காட்டணும். செக்பாக்ஸ், ரேடியோ பட்டன், ஸ்விட்ச், மேல இருக்கற டேப், மாத்திரை வடிவத்துல வரிசையா நிக்கிற சிப், எல்லாமே இந்தக் குடும்பம்தான். இதுல ரேடியோ பட்டனுக்கு ஏன் அந்தப் பேருன்னு தெரியுமா? பழைய கார் ரேடியோவுல ஸ்டேஷன் மாத்த அழுத்துற பட்டன்கள் வரிசையா இருக்கும். ஒண்ணை உள்ள அழுத்தினா, ஏற்கெனவே உள்ள இருந்தது டக்குனு வெளிய வந்துடும். எது அழுத்தியிருக்குனு இருட்டுல விரலாலேயே தடவிப் பாத்துக்கலாம். கலருக்கு அங்க வேலையே இல்ல. இதை ஒரு ஓரமா ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப கதைக்கு வரேன். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல கிளினிக் அப்பாயின்ட்மென்ட் ஆப் ஒண்ணு பண்ணிட்டிருந்தாங்க. டாக்டரைத் தேர்ந்தெடுத்தா, அன்னைக்கு இருக்கற நேரமெல்லாம் சிப் சிப்பா வரும். 10:00, 10:15, 10:30, இப்படி. காலியா இருக்கறது சாம்பல், நீங்க தொட்டது பச்சை, வேற யாரோ புக் பண்ணினது சிவப்பு. பாக்க நல்லாத்தான் இருக்கும். நான் அப்ப பேமென்ட் பக்கத்துல இருந்தேன், அந்த ஸ்க்ரீன் என் கைக்கு வந்தது பின்னாடிதான்.

எங்க டீம்ல ஒரு டெஸ்டர் இருந்தார். நான் பாத்ததுலயே பொறுமையான மனுஷன். அவர் ஒரு பக் போட்டார்: "எந்த ஸ்லாட் செலக்ட் ஆகியிருக்குனு தெரியல." கூடவே ஸ்க்ரீன்ஷாட். டெவலப்பர் திறந்து பாக்குறார், 10:30 பளிச்சுனு பச்சையா நிக்குது. "ரீப்ரொட்யூஸ் ஆகல"ன்னு க்ளோஸ் பண்ணிட்டார். ஒரு வாரம் கழிச்சு அதே பக் திரும்ப வருது, திரும்ப க்ளோஸ் ஆகுது. மூணாவது தடவை ஸ்டேண்ட்-அப் மீட்டிங்லயே யாரோ சிரிச்சுட்டாங்க, "ப்ரோ, போனை மாத்துங்க"ன்னு.

நாலாவது தடவை அவர் ஒண்ணும் எழுதல. அதே ஸ்க்ரீன்ஷாட்டை கேலரி ஆப்ல கறுப்பு-வெள்ளை ஃபில்டர் போட்டு அட்டாச் பண்ணியிருந்தார். பாத்தா, எல்லா சிப்பும் ஒரே சாம்பல்! எது 10:30, எது காலி, எது புக் ஆனதுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல. மீட்டிங் ரூம் அமைதியாயிடுச்சு.

அன்னைக்கு சாயங்காலம் டீக்கடையில நிக்கும்போது என்கிட்ட மட்டும் சொன்னார்: "தம்பி, எனக்கு சிவப்பு-பச்சை சரியாத் தெரியாது. ஒரு வேலைக்கு மெடிக்கல் போனப்பதான் எனக்கே தெரிஞ்சது. புள்ளி புள்ளியா இருக்கற புக்கைக் காட்டி நம்பரைப் படிக்கச் சொன்னாங்க. எனக்கு அங்க நம்பரே இல்ல." அந்த வேலை போச்சு. அதுக்கப்புறம் ஐடி பக்கம் வந்தவர், ஆபீஸ்ல யார்கிட்டயும் இதைச் சொல்லல. சொன்னா டெஸ்டிங்குக்கே லாயக்கில்லைனு சொல்லிடுவாங்களோன்னு பயம். இதை எபிசோடுல சொல்லலாமான்னு கேட்டேன், பேர் வேண்டாம், கதையைச் சொல்லுனு சொல்லிட்டார்.

அவருக்கு இருக்கறதை நிறப்பார்வைக் குறைபாடுனு சொல்லுவாங்க. நிறக்குருடுங்கற வார்த்தை நமக்குப் பழக்கம்தான், ஆனா பெரும்பாலானவங்களுக்கு உலகம் கறுப்பு-வெள்ளையாத் தெரியாது, சில நிறங்களைப் பிரிச்சுப் பாக்குறதுதான் கஷ்டம். சிவப்பு-பச்சை வகைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால ஆண்கள்ல அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல 100க்கு 8 பேர் அளவுல இருக்குனு பாடப்புத்தகங்கள்ல வரும். ஆசியாவுல அதைவிடக் குறைவு. குறைவுன்னாலும், ஒரு லட்சம் பேர் டவுன்லோட் பண்ணின ஆப்ல அது எத்தனை ஆயிரம் பேருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இப்ப அந்த ஸ்க்ரீனோட கணக்கைப் பாப்போம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ரெண்டு நிறத்துக்கு நடுவுல வெளிச்ச வித்தியாசம் எவ்வளவுன்னு சொல்ல கான்ட்ராஸ்ட் ரேஷியோன்னு ஒண்ணு இருக்கு. 1:1னா வித்தியாசமே இல்ல. கறுப்பும் வெள்ளையும் 21:1. அந்த ஆப்ல இருந்தது மெட்டீரியல் டிசைனோட பேலட்டுலேர்ந்து எடுத்த கலர்ஸ்: கிரீன் 500, கிரே 500, ரெட் 500. கிரீன் 500க்கும் கிரே 500க்கும் நடுவுல ரேஷியோ எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 1.04:1. அதாவது வெளிச்சக் கணக்குல ரெண்டும் ஒண்ணுதான்! பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவுல 1.3:1. இதுக்கு மேல வெள்ளை எழுத்து வேற. கிரீன் 500 மேல வெள்ளை எழுத்து வெச்சா 2.8:1தான் வரும். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைஞ்சது 4.5:1 வேணும்.

இந்த 4.5 எங்கிருந்து வந்ததுன்னா, டபிள்யூசிஏஜின்னு ஒரு சர்வதேச வழிகாட்டி இருக்கு. வெப்புக்காக எழுதினது, ஆப்புக்கும் அதையே எடுத்துக்கறாங்க. அதுல ரெண்டு விதி நம்ம விஷயத்துக்கு நேரடியா வருது. ஒண்ணு 1.4.1: ஒரு தகவலைச் சொல்ல நிறத்தை மட்டும் நம்பாதே. இன்னொண்ணு 2018 ஜூன்ல வந்த 2.1 பதிப்புல சேத்தது, 1.4.11: ஒரு பட்டனோட நிலை என்னன்னு புரிஞ்சுக்கத் தேவையான பகுதி, பக்கத்துல இருக்கற நிறத்தோட குறைஞ்சது 3:1 வித்தியாசத்துல தெரியணும். எழுத்துக்கு மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, டிக், பார்டர், வட்டம் இதுக்கெல்லாமும் கணக்கு இருக்கு. டிஸேபிள் ஆன பட்டனுக்கு இதுல விலக்கு உண்டு. அதனாலதான் டிஸேபிள் ஆனது மங்கலா இருந்தாலும் யாரும் கேக்குறதில்ல.

சரி, ஃப்ளட்டர் சாய்ஸ் சிப்ல இயல்பாவே ஒரு டிக் வரும்ல? அந்த ஆப்ல மட்டும் ஏன் இல்ல? நானும் இதைத்தான் கேட்டேன். பதில் ரொம்ப சாதாரணமானது. டிக் வந்தா சிப்போட அகலம் கூடும். அகலம் கூடினா அந்த வரிசையில கடைசி சிப் கீழ் வரிசைக்குத் தள்ளப்படும். நீங்க 10:30-ஐத் தொட்டதும் 11:00 எங்கேயோ ஓடிப்போகும். டிசைனருக்கு அது பொறுக்கல, "குதிக்குது, எடுத்துடு"ன்னு சொல்லிட்டார். டெவலப்பர் ஷோசெக்மார்க்கை ஃபால்ஸ் பண்ணிட்டார். அந்த ஒரு ஃபால்ஸ்ல, நிறத்தைத் தவிர வேற எந்த அடையாளமும் இல்லாம போயிடுச்சு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல. ஆனா நிறைய ஆப்ல டிக் காணாம போறதுக்குக் காரணம் இந்தக் குதிக்கற பிரச்சனைதான்னு நான் நினைக்கிறேன்.

இதுக்கு வழி இருக்கு. சிப்புக்கு முன்னாடியே ஒரு சின்ன ஐகானை, உதாரணமா கடிகார ஐகானை, அவதார் இடத்துல குடுத்துடுங்க. செலக்ட் ஆகும்போது டிக் அந்த ஐகான் மேலேயே வந்து உக்காரும், அகலம் மாறாது. அது பிடிக்கலைன்னா, நீங்களே லேபிள்ல ஒரு காலி இடத்தை முதல்லேயே ஒதுக்கி வெச்சு, செலக்ட் ஆனா மட்டும் அங்க டிக் வரையலாம். நாங்க பண்ணினது ரெண்டாவது.

நிறத்துக்கு வருவோம். பச்சைதான் பிராண்ட் கலர், மாத்த முடியாதுனு மார்க்கெட்டிங்ல ஒரே பிடிவாதம். நியாயம்தான், கிளினிக்னா பச்சை. (இதே இடத்துல இன்னொரு ப்ராஜெக்ட்ல கறுப்பு-சிவப்புல டேப் பார் போட்டு டெமோ காட்டினப்ப, கிளையன்ட் ஒருத்தர் "என்ன தம்பி, மாநாட்டுக்கா ஆப் பண்றீங்க?"ன்னு கேட்டார். நம்ம ஊர்ல கலர் செலக்ட் பண்றது அவ்வளவு சுலபமில்ல.) அதனால பச்சையை விடாம, ஆழத்தை மாத்தினோம். காலியா இருக்கற சிப் வெள்ளை, சுத்தி அடர் சாம்பல் பார்டர், கறுப்பு எழுத்து. செலக்ட் ஆனது கிரீன் 900, அதாவது கரும்பச்சை, மேல வெள்ளை எழுத்து, வெள்ளை டிக். கிரீன் 900க்கும் வெள்ளைக்கும் கிட்டத்தட்ட 7.9:1. புக் ஆனது சிவப்பே வேண்டாம்னு எடுத்துட்டோம். மங்கலான எழுத்து, நடுவுல ஒரு கோடு, தொட முடியாது. அவ்வளவுதான். இதையே கறுப்பு-வெள்ளை ஃபில்டர்ல போட்டா, வெள்ளைக்கு நடுவுல ஒரே ஒரு கறுப்பு மாத்திரை நிக்கும். கலர் தெரியாதவருக்கும் தெரியும், மதியம் 2 மணி வெயில்ல பஸ் ஸ்டாப்ல நின்னு போனைக் கண்ணுகிட்ட வெச்சுப் பாக்குறவருக்கும் தெரியும்.

இப்ப கோட் எழுதறவங்களுக்குக் கொஞ்சம். மத்தவங்க ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க.

பேக்ரவுண்டை மட்டும் மாத்திட்டு எழுத்தை மறந்துடறதுதான் நான் ரிவ்யூல அடிக்கடி பாக்குறது. செலக்டட்கலரைக் கரும்பச்சை ஆக்கிட்டு லேபிளை அப்படியே விட்டா, கரும்பச்சை மேல கறுப்பு எழுத்து. மெட்டீரியல் 3 இதை ஜோடியாவே யோசிக்கச் சொல்லுது. செகண்டரி கன்டெய்னர்னு ஒரு நிறம் இருந்தா, அதுக்கு மேல எழுத ஆன்-செகண்டரி-கன்டெய்னர்னு இன்னொண்ணு. செலக்ட் ஆன சிப் இந்த ஜோடியைத்தான் எடுத்துக்கும். ஃப்ளட்டர் 3.16ல, 2023 நவம்பர்ல, மெட்டீரியல் 3 டீஃபால்ட் ஆச்சு. அப்ப அப்கிரேட் பண்ணினவங்களுக்கு ஞாபகம் இருக்கும், காலையில ஆப்பைத் திறந்தா ஸ்விட்ச், செக்பாக்ஸ், சிப் எல்லாம் வேற முகம். "நான் சீட் கலரா குடுத்த பச்சை எங்க?"ன்னு தேடினவங்க நிறைய. சீட்லேர்ந்து ஸ்கீம் உருவாக்கும்போது நீங்க குடுத்த நிறம் அப்படியே வராது, அதை வெச்சு ஒரு குடும்பத்தையே அது கணக்குப் போட்டு உருவாக்கும். உங்க பிராண்ட் பச்சை அச்சு அசலா வேணும்னா அந்த இடத்தை நீங்களே ஓவர்ரைட் பண்ணணும், கூடவே அதோட "ஆன்" ஜோடியையும்.

இதை எங்க எழுதறதுங்கறதும் முக்கியம். ஒவ்வொரு ஸ்க்ரீன்லயும் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியா கலர் எழுதாதீங்க. தீம்ல சிப்தீம்டேட்டான்னு ஒரு இடம் இருக்கு, ஒரே இடத்துல எழுதுங்க. அந்தக் கிளினிக் ஆப்ல பச்சையைத் தேடினப்ப அது நாற்பது சொச்சம் ஃபைல்ல நேரடியா எழுதியிருந்தது. ரெண்டு மாசத்துல பாதி நாள் அங்கதான் போச்சு.

அடுத்தது ஸ்டேட். ஒரு சிப் ஒரே நேரத்துல செலக்ட் ஆகியும் இருக்கலாம், டிஸேபிள் ஆகியும் இருக்கலாம். உதாரணத்துக்கு, 10:30-ஐத் தேர்ந்தெடுத்து பணம் கட்டப் போறீங்க. பேமென்ட் ஓடிட்டிருக்கும்போது எல்லா சிப்பையும் லாக் பண்ணிடுவோம். அப்ப 10:30 எப்படித் தெரியணும்? எல்லாத்தோடயும் சேர்ந்து மங்கிப்போனா, காசு கட்டுற மனுஷனுக்குப் பதறும்ல, எந்த நேரத்துக்குக் கட்டுறோம்னு? ஃப்ளட்டர்ல விட்ஜெட்ஸ்டேட்ப்ராப்பர்ட்டி, பழைய பேரு மெட்டீரியல்ஸ்டேட்ப்ராப்பர்ட்டி, அதுல ஸ்டேட் எல்லாம் ஒரு செட்டா உங்க கைக்கு வரும். எந்த இஃப்-ஐ முதல்ல எழுதறீங்களோ அதுதான் ஜெயிக்கும். அதனால ரெண்டும் சேர்ந்த நிலைக்கு முதல் இஃப், அப்புறம் டிஸேபிள், அப்புறம் செலக்ட், கடைசியில சாதாரணம்.

நேட்டிவ் ஆண்ட்ராய்டுலயும் இதே கதைதான். கலர்ஸ்டேட்லிஸ்ட்னு எக்ஸ்எம்எல்ல எழுதுவோம். அது மேலேர்ந்து கீழ வரும், முதல்ல பொருந்துறதை எடுத்துக்கிட்டு நின்னுடும். நல்லாப் பொருந்துறது கீழ இருக்கான்னு தேடாது. எந்த நிபந்தனையும் இல்லாத டீஃபால்ட் வரியை மேல வெச்சீங்கன்னா, கீழ நீங்க எழுதின செக்டு, ப்ரெஸ்டு எல்லாம் வேஸ்ட். "கலர் மாறவே மாட்டேங்குது"ன்னு தலையைப் பிச்சுக்கற ஜூனியர்ஸ்கிட்ட நான் முதல்ல பாக்குறது இந்த வரிசையைத்தான்.

ஐஓஎஸ் ஆளுங்க சிரிக்காதீங்க, உங்களுக்கும் இருக்கு. 2019ல ஐஓஎஸ் 13 வந்தப்ப செக்மென்டட் கன்ட்ரோல் டின்ட்கலரைக் கேக்குறதை நிறுத்திடுச்சு. பிராண்ட் கலர்ல இருந்த செக்மென்டெல்லாம் திடீர்னு வெள்ளை-சாம்பல். செலக்டட்செக்மென்ட்டின்ட்கலர்னு புதுசா ஒண்ணைப் போடணும். போட்டாலும் எழுத்தோட நிறம் தானா மாறாது, செலக்டட் நிலைக்குன்னு தனியா குடுக்கணும். திரும்பவும் அந்த ஜோடிதான்.

கன்டெய்னரையும் கெஸ்ச்சர்டிடெக்டரையும் வெச்சு நீங்களே சிப் மாதிரி ஒண்ணு செய்யறீங்கன்னா, ஒரு விஷயம். டாக்பேக் பயன்படுத்துறவங்களுக்கு ஒரிஜினல் சிப் "செலக்ட் ஆகியிருக்கு"ன்னு தானா வாய்விட்டுச் சொல்லும். நீங்க செஞ்சது சும்மா "10:30"ன்னு மட்டும் சொல்லும். செமான்டிக்ஸ்ல செலக்டடை நீங்கதான் குடுக்கணும்.

கோட் முடிஞ்சது, எல்லாரும் திரும்ப வரலாம்.

அந்த டெஸ்டர் விஷயத்துல எனக்கு இன்னும் உறுத்துறது வேற ஒண்ணு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடுகள் இருக்கு. அந்தப் பட்டியல்ல நிறப்பார்வைக் குறைபாடு தனியா இல்ல. அதனால சலுகையும் கிடையாது. ஆனா மறுக்கப்படுற இடங்கள் உண்டு. 2020 ஜூன்லதான் மத்திய அரசு விதியை மாத்தி, லேசான, நடுத்தர அளவு குறைபாடு இருக்கறவங்க டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம்னு வழி பண்ணினாங்க. 2022ல, புனே திரைப்படக் கல்லூரியில எடிட்டிங் படிக்க இடம் மறுக்கப்பட்ட ஒருத்தர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் அட்மிஷன் வாங்கினார். இந்தச் சூழ்நிலையில ஒரு மனுஷன் ஆபீஸ்ல "எனக்குப் பச்சை தெரியாது"ன்னு சொல்றதுக்குப் பதிலா நாலு தடவை பக் போடுறார்னா, அது எனக்குப் புரியுது. யூசர்ஸும் அப்படித்தான். "உங்க ஆப்ல கலர் தெரியல"ன்னு யாரும் ரிவ்யூ எழுத மாட்டாங்க. தப்பான நேரத்துக்கு கிளினிக் போய் நிப்பாங்க, ரிசப்ஷன்ல திட்டு வாங்குவாங்க, நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க.

கடைசியா, எப்படிச் சோதிக்கறது. ஃப்ளட்டர் டெஸ்ட்ல டெக்ஸ்ட்கான்ட்ராஸ்ட் கைட்லைன்னு ஒண்ணு உண்டு, எழுத்தும் பின்னணியும் சரியா இருக்கான்னு பாக்கும். நல்லது, போடுங்க. ஆனா ஒரு சிப்பை இன்னொரு சிப்போட அது ஒப்பிடாது. அதுக்குக் கண்ணுதான் வேணும். ஆண்ட்ராய்டுல டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய், சிமுலேட் கலர் ஸ்பேஸ்னு தேடுங்க. மோனோக்ரோமசின்னு போட்டா முழு போனும் கறுப்பு-வெள்ளை. டியூட்ரனாமலின்னு போட்டா பச்சை பலவீனமான பார்வை எப்படியிருக்கும்னு ஓரளவு தெரியும். ஐபோன்ல ஆக்சஸிபிலிட்டியில கலர் ஃபில்டர்ஸ், அதுல கிரேஸ்கேல். அங்கேயே ஆன்/ஆஃப் லேபிள்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஸ்விட்சுக்குள்ள ஒரு கோடும் வட்டமும் வரும். பழைய ரேடியோ பட்டன் மாதிரியே, நிறம் இல்லாம நிலையைச் சொல்ற வேலை. ஆன் பண்ணிப் பாருங்க, எனக்கு அது பிடிச்சுப்போய் அப்படியே விட்டுட்டேன்.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. போனைக் கறுப்பு-வெள்ளை ஆக்கிட்டு நீங்க அடிக்கடி பயன்படுத்துற மூணு ஆப்பைத் திறங்க. பஸ் டிக்கெட் ஆப்ல சீட் செலக்ட் பண்ற பக்கத்தைக் கட்டாயம் பாருங்க. லேடீஸ் சீட் பிங்க், புக் ஆனது சாம்பல், உங்களோடது பச்சைன்னு இருந்தா, எதுல உக்காரப் போறீங்கன்னு கண்டுபிடிக்க முடியுதான்னு எனக்கு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. நல்லாப் பண்ணியிருக்கற ஆப் இருந்தா அதையும் சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல பேர் சொல்லிப் பாராட்டலாம்.

பாத்து முடிச்சதும் அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க. எங்க டீம்ல ஒருத்தர் அப்படியே விட்டுட்டு, டிஸ்ப்ளே போச்சுன்னு சர்வீஸ் சென்டர் வரைக்கும் போயிட்டு வந்தார். அடுத்த வாரம் டார்க் மோட். வரட்டுமா மக்களே!